வதந்தியை நம்பவேண்டாம் என்றால் எதை நம்புவது?

திருகோணமலை மாவட்டத்தில் அனர்த்த எச்சரிக்கைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

கடந்த மாரியில் ஒரு நடுச்சாமத்தில், "கிண்ணியாப் பக்கம் கடல் உள்வாங்கிவிட்டது, விடிவதற்குள் வெளியேறுங்கள்" என்று வட்ஸ்அப்பில் பரவிய குரல் பதிவைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அது பொய்யென்று மறுநாள் முற்பகலில் நீங்களே அறிக்கை விட்டீர்கள். வதந்திகளை நம்பவேண்டாம், பரப்புவோர்மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் நீங்கள் சொன்னவை மறுக்க முடியாதவை. ஆனால் அந்த இரவு முழுவதும் கடற்கரையோரத்தில் இருந்த நாங்கள் எதை நம்பியிருக்க வேண்டும் என்பதற்கு அவ்வறிக்கையில் ஒரு சொல்லும் இருக்கவில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். இத்தகைய செய்தியொன்று ஊரில் பரவத் தொடங்கி அரை மணி நேரத்துக்குள், ஆபத்து உண்டா இல்லையா என்பதைத் தமிழில், அறிவித்த நேரத்தையும் அடுத்த அறிவித்தலின் நேரத்தையும் குறிப்பிட்டு, எங்களுக்குச் சொல்லுங்கள்.

திருக்கடலூரில் எங்கள் ஒழுங்கையில், இடுப்பெலும்பில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு படுக்கையில் இருந்த ஓர் ஆச்சி இருக்கிறார். 2004 மார்கழியில் மகளையும் பேரப்பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்தவர். அந்தக் குரல் பதிவைக் கேட்டு நடுங்கியவரிடம் "பொய்யாய்த்தான் இருக்கும் ஆச்சி" என்று சொல்ல எங்களில் எவருக்கும் வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் அதற்கு ஆதாரமாகக் காட்ட எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. அவசர இலக்கத்துக்கு அழைத்தவர்களில் சிலருக்கு மணி அடித்து ஓய்ந்தது, கிடைத்த ஓரிருவருக்குத் தமிழில் பதில் சொல்ல ஆள் இருக்கவில்லை. கடைசியில் ஆச்சியைப் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி, பேரன்மார் இருவர் மாறி மாறித் தூக்கிக்கொண்டு, கொட்டும் மழையில் உவர்மலைப் பக்கம் ஏறினார்கள். ஒதுங்குவதற்கென்று குறிக்கப்பட்டிருந்த பாடசாலையின் படலை பூட்டியிருந்தது. திறப்பு எவரிடம் என்று எவருக்கும் தெரியவில்லை. பாதுகாப்பான இடம் என்று மூன்று மொழிகளிலும் எழுதிய பலகை மட்டும் தெருவிளக்கில் நன்றாகத் தெரிந்தது; மொழிச் சமத்துவத்துக்கு அந்தப் பலகையளவு இடமாவது இங்கே இருக்கிறது என்று நாங்கள் ஆறுதல் கொள்ளலாம். விடியும்வரை மதிலோரத்தில் குடையின் கீழ் இருந்த ஆச்சி, நெஞ்சுச் சளியோடு வைத்தியசாலையில் படுத்துத்தான் வீடு திரும்பினார்.

அரை மணி நேரம் என்பது ஆகாத கோரிக்கை அன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை 7 மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியபோது, அலை எங்கள் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்தது. அத்தகைய பெருநடுக்கம் நிகழ்ந்தால் சில நிமிடங்களுக்குள் நிலநடுக்கத்தை அளக்கும் கருவிகளில் பதிவாகத் தொடங்கிவிடும். குரல் பதிவு பரவிய அந்த இரவில் அப்படி எதுவும் பதிவாகவில்லை என்ற ஒரு வரி போதுமாயிருந்தது, பாதி ஊர் வீட்டுக்குத் திரும்பியிருக்கும்.

உரிய நேரத்தில் சொல்லப்படாதது பிறகு கதையாகிவிடுகிறது. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி அதே சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கி, எச்சரிக்கை விடுக்கப்பட்டு, நாங்கள் மேட்டுக்கு ஓடினோம், பேரலை வரவில்லை. அந்த நடுக்கத்தில் கடலடிப் பாறைகள் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்தமையால் நீர் பெரிதாக மேலெழவில்லை என்பதைத் தமிழில் எடுத்துச் சொல்ல அதிகாரத் தரப்பிலிருந்து எங்கள் பக்கம் எவரும் வரவில்லை. ஆதலால் கோணேசர் காத்தார் என்று சிலரும், அரசாங்கம் வீணாகப் பயமுறுத்தியது என்று பலரும் இன்றுவரை சொல்கிறார்கள். முதலாவது அவரவர் நம்பிக்கை, அதில் எனக்கு வழக்கில்லை. இரண்டாவதை நம்புகிறவர் அடுத்த எச்சரிக்கைக்கு வீட்டை விட்டு அசையமாட்டார். கன்னியா வெந்நீரூற்றில் சூடு கூடினால் நிலம் நடுங்கும் என்பதும், இன்றிரவு அண்டக் கதிர்கள் பூமியைக் கடப்பதால் கைத்தொலைபேசியை அணைத்து வைக்கும்படி நாசா சொன்னது என்பதும் இந்த வெற்றிடத்தில்தான் செழிக்கின்றன. உடலில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற கிறீஸ் பூதக் கதை 2011 ஆகஸ்ட் மாதம் கிண்ணியாவில் மக்களும் கடற்படையினரும் மோதிக்கொள்ளும் அளவுக்கு முற்றியதை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள்.

தமிழும் அரசகரும மொழியென்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் சொல்கிறது. இருந்தும் அனர்த்த அறிவித்தல்கள் முதலில் சிங்களத்தில் வருகின்றன. தமிழ் வடிவம், எந்த ஆறு, எந்தப் பிரதேச செயலகப் பிரிவு என்று ஊகிக்கவேண்டிய நிலையில், சில வேளைகளில் வெள்ளம் வடிந்தபின் வந்து சேர்கிறது. வெள்ளம் எப்படி வந்தது என்பதைத் தமிழில் அறிந்துகொள்ளும் வரலாற்று ஆர்வம் எங்களுக்கு இருப்பதாக யாரோ நினைத்திருக்கிறார்கள் போலும்.

கோபத்தில் சற்று விலகிவிட்டேன், பொறுத்தருள்க. பொய்ச் செய்தி பரப்புவோரை நீங்கள் தண்டிப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. அந்தக் குரல் பதிவை அனுப்பியவர்களில் பெரும்பாலானோர் பயத்தில் தம் அக்காவுக்கும் மாமிக்கும் அனுப்பியவர்கள் என்பதை மட்டும் கருத்திற்கொள்ளுங்கள். அவர்கள் அனுப்புவதற்கு உங்களிடமிருந்து உண்மையான செய்தியொன்று கையில் இருந்திருந்தால், அதையும் அதே வேகத்தில் அனுப்பியிருப்பார்கள்.

ஆகவே பணிவுடன் மீண்டும் கேட்கிறோம். அடுத்த வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன், இரவுக் கடமையில் தமிழில் பதில் சொல்லக்கூடிய ஒருவரை நியமியுங்கள். அரை மணி நேரத்துக்குள் நேரம் குறித்த தமிழ் அறிவித்தல் கிராம உத்தியோகத்தர், பள்ளிவாசல், கோயில், தேவாலய ஒலிபெருக்கிகள் ஊடாக எங்களை வந்தடைய ஒழுங்கு செய்யுங்கள். ஒதுங்குமிடமாகக் குறிக்கப்பட்ட ஒவ்வொரு பாடசாலையின் திறப்பும் இரவில் எவரிடம் இருக்கும் என்பதை, பெயரோடும் தொலைபேசி இலக்கத்தோடும், அந்தப் பலகையிலேயே எழுதி வையுங்கள்.

இங்ஙனம்,
திருக்கடலூர்வாசி ஒருவர்
திருகோணமலை