வெல்லிலேயே நிற்கிற டி.என்.ஏ

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

டி.என்.ஏவை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லின் படம் நீ அனுப்பியதைப் பார்த்தேன். மானூர்ச் சேவல்களைவிடப் பெட்டைகளுக்கு டெலோமியர் (குரோமோசோம் நுனியின் டி.என்.ஏ தொடர்) நீளம், அதை நீட்டும் டெலோமரேஸ் நொதிக்கான டெர்ட் மரபணுவில் கண்ட ஓரெழுத்து மாற்றம்தான் காரணம் என்று எழுதியிருக்கிறாய். ஏட்டி, அதற்குள் என்ன அவசரம்? டெர்ட் இருப்பது 2ஆம் குரோமோசோமில். அதற்குச் சேவலென்ன, பெட்டையென்ன. பெட்டைக்கு மட்டுமே உள்ள டபிள்யூ குரோமோசோமில்தான் டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி என்ற டெலோமியர் எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் மிக நீண்ட தொடர் உட்கார்ந்திருக்கிறது. முதலில் சேவலைச் சேவலோடு ஒப்பிடு, அதுவும் ஒரே வயசில்.

கோழியில் இந்தத் தொடர் மூன்று வகை. 10 கிலோபேஸுக்கு (ஒரு கிலோபேஸ் ஆயிரம் எழுத்து) குறைந்தவை பெரும்பாலும் குரோமோசோமின் நடுவில் கிடப்பவை. 10 முதல் 40 வரை உள்ளவை நுனியில் இருந்து வயசோடு தேய்பவை. உனக்கு வேண்டியது இவைதான். மூன்றாவது, நூற்றுக்கணக்கான கிலோபேஸ் நீளம். சாதாரண ஜெல்லில் அது வெல்லை, அதாவது மாதிரி ஊற்றும் குழியை, விட்டே இறங்காது. மின்புலத்தின் திசையை மாற்றி மாற்றிப் பெரிய துண்டுகளைப் பிரிக்கும் பல்ஸ்டு ஃபீல்ட் ஜெல் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. டி.என்.ஏவைப் பெருக்கி அளக்கும் கியூ.பி.சி.ஆர் மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகத் தரும், அதை நம்பாதே.

அணுக்களை அகரோஸ் கட்டியில் பதிக்கும் பிளக் போடும்போது ரத்தத்தைக் குறை. கோழியின் சிவப்பணுவுக்கு நியூக்ளியஸ் உண்டு, 1 மைக்ரோலிட்டரிலேயே ஏறக்குறைய 6 மைக்ரோகிராம் டி.என்.ஏ கிடைக்கும். மனித ரத்தக் கணக்கில் ஊற்றினால் பிளக் கூழாகி நொதி உள்ளே போகாது. பி.பி.எஸ் உப்புக்கரைசலில் கரைத்து, குறைந்த சூட்டில் உருகும் 2 சதவீத லோ-மெல்ட் அகரோஸைச் சம அளவு சேர்த்து வார். புரதத்தைத் தின்னும் புரோட்டினேஸ்-கே போட்டு 50 டிகிரியில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் பிளக் கண்ணாடி மாதிரி தெளியும். கழுவுவதில்தான் எல்லாரும் கோட்டை விடுவது. புரோட்டினேஸ்-கே மிச்சம் இருந்தால் டி.என்.ஏவை வெட்டும் ஹின்ஃப்-1 நொதியைத் தின்றுவிடும், இ.டி.டி.ஏ மிச்சம் இருந்தால் அந்த நொதிக்கு வேண்டிய மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், நொதி வெட்டாது. வெட்டுப்படாத டி.என்.ஏவும் வெல்லிலேயே நின்று நீண்ட டெலோமியர் மாதிரி உன்னை ஏய்க்கும். அதே பிளாட்டில் (ஜெல்லிலிருந்து டி.என்.ஏவை மாற்றிய தாளில்) ஒற்றைப் பிரதி மரபணுவைத் தேடிக் காட்டும் புரோப் ஒன்றையும் ஓட்டு, வெட்டியதா இல்லையா என்று தெரிந்துவிடும். நுனியா நடுவா என்ற சந்தேகத்துக்கு வெட்டுமுன், நுனியிலிருந்து அரித்துவரும் பால்-31 நொதியைப் போடு. நுனியில் இருப்பது நேரம் ஆக ஆகக் குறுகும், நடுவில் இருப்பது அசையாது.

இன்னொரு கண்ணி, டெலோமரேஸின் ஆர்.என்.ஏ மரபணு. கோழிக்கு வரும் மாரெக் நோயின் வைரஸ் அதன் பிரதியைத் தன்னிடமே வைத்திருக்கிறது, கோழியினுடையதோடு 88 சதவீதம் ஒத்துப்போவது. தொற்று உள்ள கோழி ரத்தத்தில் பி.சி.ஆரைத் தொடங்கவைக்கும் பிரைமர், கோழி, வைரஸ் இரண்டின் மரபணுவையும் பிடித்தால், வைரஸின் எழுத்துகளைக் கோழியின் மரபணு மாற்றம் என்று எழுதிவைப்பாய். பிரைமரை மரபணுவுக்கு வெளியே, கோழியின் பக்கவாட்டு வரிசையில் வை. ஜி, சி எழுத்துகள் மிகுந்த இடம், 5 சதவீதம் டி.எம்.எஸ்.ஓ கரைப்பான் சேர்த்தால்தான் ஓடும்.

மாற்றம் நிஜமாகவே இருந்தாலும் டெலோமரேஸ் நொதி வேலை செய்கிறதா என்று, அது சேர்க்கும் எழுத்துகளைப் பெருக்கிக் காட்டும் டிராப் சோதனையில் பார்க்க வேண்டும். பெரிய கோழியின் ரத்தத்தில் தேடாதே, உடல் திசுக்கள் பலவற்றில் கருவிலேயே அது அடங்கிவிடும். இளங்கரு எடு. 85 டிகிரியில் 10 நிமிடம் சுட்டு நொதியைச் செயலிழக்கவைத்த சாற்றை ஜெல்லின் ஒரு லேனில் (ஓடுபாதையில்) கட்டாயம் ஓட்டு; அதிலும் ஆறெழுத்து இடைவெளியில் பட்டைகளின் ஏணி வந்தால் மற்ற லேன்களும் செல்லாது.

அடுத்த படத்தை அனுப்பும்போது வெல் வரிசையை வெட்டிவிடாமல் முழுசாக அனுப்பு.

அம்மா