'யார் வேண்டுமானாலும் தேய்த்துவிடலாம்' என்ற வரி பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் பத்திரிகையின் சென்ற வார இணைப்பில், ருமேனியாவில் பிறந்த சிற்பி பிரான்குசியின் 'வான்வெளியில் பறவை' என்ற வெள்ளைச் சலவைக்கல் சிற்பத்தின் படத்தைப் போட்டு, "இறகும் இல்லை, அலகும் இல்லை, மெஷின் இருந்தால் யார் வேண்டுமானாலும் தேய்த்துவிடலாம்" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

மாமல்லபுரத்துப் பட்டறைகளில் கல்லோடு கிடந்தே வயதானவன் நான். கருங்கல், மாக்கல், ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து வரும் சலவைக்கல் எல்லாவற்றிலும் வேலை பார்த்திருக்கிறேன். கடையில் விற்கிற அலங்காரச் சிலையில் உளி கொஞ்சம் சறுக்கினால் அந்த இடத்தில் இன்னொரு மடிப்போ மாலையோ போட்டு ஒப்பேற்றிவிடலாம். வழவழப்பான உருவத்தில் அதற்கு வழியே கிடையாது. சலவைக்கல்லில் உளியை நேராக நிறுத்தி ஓங்கி அடித்துவிட்டால் உள்ளே கல் நசுங்கிப்போகும். அப்போது ஒன்றும் தெரியாது. உப்புத்தாளை மாற்றி மாற்றி, தண்ணீர் விட்டுத் தேய்த்து, மெருகு ஏறுகிற நேரத்தில்தான் நசுங்கிய இடம் வெள்ளைப் புள்ளியாக மேலே வரும். கறுப்புக் கல்லானால் முதலில் கண்ணில் படுவதே அதுதான். அந்த இடத்தை மட்டும் சுரண்டினால் குழி விழும். சுற்றியுள்ள வளைவு முழுவதையும் இறக்கியாக வேண்டும். வளைவு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எங்கள் பட்டறைப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார். கண்ணுக்குத் தப்பிய மேடு அவர் கைக்குத் தப்பியதில்லை. இதையெல்லாம் மெஷின் செய்துவிடும் என்று எழுதியவர் ஒரு நாளாவது கல் தூசியில் உட்கார்ந்து பார்த்திருப்பாரா?

1926-ல் இதே பறவையின் வெண்கல வடிவம் நியூயார்க்கில் இறங்கியபோது, இது சிற்பமே அல்ல என்று சொல்லி, சமையல் சாமான், ஆஸ்பத்திரி சாமான் பட்டியலில் சேர்த்து 40 சதவீதம் சுங்கவரி போட்டார்கள். வழக்கு நடந்து, 1928-ல் இது கலைப்படைப்புதான் என்று தீர்ப்பும் வந்தது. உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. தெரிந்திருந்தும் அந்தச் சுங்க அதிகாரிகளின் பேச்சையே மறுபடியும் அச்சில் ஏற்றியிருக்கிறீர்கள் என்பதுதான் வருத்தம்.

அதைவிட வருத்தம் இன்னொன்று. நீங்கள் போட்ட பறவை நம் நாட்டுக்கு உரியதாக இருந்தது. இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கர் வெள்ளைச் சலவைக்கல்லில் ஒன்று, கறுப்பில் ஒன்று, வெண்கலத்தில் ஒன்று என மூன்று பறவைகளை வாங்கினார். அவற்றை வைக்க ஒரு தியான மண்டபம் கட்டித் தருவதாக ஏற்பாடு. 1930களின் கடைசியில் பிரான்குசியே இந்தூர் வரை வந்தார். மண்டபம் எழும்பவில்லை. சலவைக்கல் பறவைகள் இரண்டையும் 1973-ல் ஆஸ்திரேலியா வாங்கிக்கொண்டது. இன்று அவை கான்பராவில் இருக்கின்றன. இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை உண்டா?

சிற்பம் என்றாலே உங்கள் பத்திரிகையில் இப்படித்தான் நடக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் உள்ள சோழமண்டலக் கலைஞர் கிராமத்துக்காரர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் "புரியாத கலை" என்று ஒரு பட்டம். ருமேனியாவில் தர்கு ஜியு ஊரில் பிரான்குசி அமைத்த சிற்பத் தொகுதி 2024-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தபோது ஒரு மூலையில்கூடச் செய்தி வரவில்லை. சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஊரில் செய்த ஒரு சிலையின் படம் வந்தது. அதை வாங்கிய வியாபாரியின் பெயர் இருந்தது, நன்கொடை கொடுத்தவர் பெயர் இருந்தது. மாதக்கணக்கில் வெயிலில் உட்கார்ந்து செதுக்கியவன் பெயர் இல்லை. கடிதம் போட்டேன், பதில் வரவில்லை. சரி, கூலிக்காரன்தானே என்று விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. அந்தப் பையன் படத்தை வெட்டி வைத்துக்கொண்டு எல்லோரிடமும் "இது நான் செய்தது" என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தான்.

இப்போதும் படத்தின் கீழே கல்லின் பெயர் இல்லை, எங்கே இருக்கிறது என்றும் இல்லை. பீடத்தை வேறு வெட்டிவிட்டீர்கள். பீடமும் சிற்பத்தில் சேர்த்தி என்று நினைத்து, அதையும் தன் கையாலேயே வடித்தவர் பிரான்குசி. கீழே பாரமான பீடம் நிற்பதால்தான் மேலே இருப்பது எழும்பிப் போவதாகத் தோன்றுகிறது.

மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். அடுத்த இணைப்பில் அதே படத்தைப் பீடத்தோடு முழுசாக ஒருமுறை போடுங்கள். கீழே சிற்பியின் பெயர், கல்லின் பெயர், இருக்கும் இடம் மூன்றையும் கொடுங்கள். இனி எந்தச் சிலையின் படம் வந்தாலும், அது கோயில் வாசலில் இருப்பதானாலும், செய்தவன் பெயரை விசாரித்துப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
மாமல்லபுரம்