இரண்டாவது அணியில் ஆடப் போகும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

முதல் அணியில் பெயர் வரவில்லை, இனி ஹர்லிங் மட்டையைத் தொடப் போவதில்லை என்று எழுதியிருந்தாய். போனில் சொன்னால் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

நம்ம கார்க் ஹர்லிங் வீரர் ஷான் ஓக் ஓ ஹால்பின் உனக்குத் தெரியாதவர் இல்லை. நீ அயர்லாந்தின் இந்தக் கார்க்கிலிருந்து சிட்னிக்குப் போனாய், அவர் சிட்னியிலிருந்து கார்க்குக்கு வந்தவர். அவர் அப்பாவுக்கு வட அயர்லாந்தின் ஃபெர்மனா, அம்மாவுக்கு ஃபிஜியின் ரொடூமாத் தீவு. 1988இல் குடும்பம் இங்கே வந்தபோது அவருக்கு 11 வயது. ஹர்லிங் என்பது மட்டையால் பந்தடிக்கும் ஐரிஷ் ஆட்டம்; நடக்கத் தொடங்கியதுமே பிள்ளைகள் கையில் அந்த மட்டை ஏறிவிடும் ஊர் இது. அந்த வயதில் வந்து சேர்ந்து அவர்களுக்குச் சமமாக ஆடுவது லேசான காரியமா? நார்த் மொனாஸ்டரி பள்ளியில் ஐரிஷ் மொழியும் படித்தார், நா பீர்சி கிளப்பில் ஆடினார், 1996இல் கார்க் கவுண்டியின் (மாவட்டத்தின்) சீனியர் அணிக்கே வந்துவிட்டார். 1999இல் ஹர்லிங்கின் மிகப் பெரிய பட்டமான ஆல் அயர்லாந்து.

2001இல் கார் விபத்து. முழங்காலில் தசைநார் அறுந்துபோனது. அதோடு ஆட்டம் முடிந்திருக்கலாம், ஆனால் திரும்பி வந்தார். 2004இல் மறுபடியும் பட்டம், அந்த ஆண்டின் சிறந்த ஹர்லிங் வீரர் விருதும் அவருக்குத்தான். 2005இல் அவரே கேப்டன். காலவே அணியை வென்று, டப்ளினில் குரோக் பார்க் மைதானத்தில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்னால் கோப்பையை வாங்கி, ஐரிஷ் மொழியிலேயே பேசினார். அந்தப் பேச்சை எப்போது கேட்டாலும் எனக்கு அவருடைய அம்மா நினைப்புதான் வரும். கடல் கடந்து வந்து, பழக்கமில்லாத குளிரில் பிள்ளைகளை வளர்த்தவள் அந்த நேரத்தில் எப்படி இருந்திருப்பாள்!

இத்தனைக்கும் ஹர்லிங்கில் சம்பளம் கிடையாது. அவருக்கு வங்கியில் வேலை, அது முடிந்துதான் பயிற்சி. அவருடைய தம்பி செடான்டா ஆஸ்திரேலியாவுக்குப் போய் கார்ல்டன் என்ற ஆஸ்திரேலியக் கால்பந்து அணியில் சம்பளத்துக்கு ஆடினார். அதுவும் நல்ல வழிதான், குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் 2010. சீசன் முடிந்ததும், அடுத்த ஆண்டு கார்க் அணியில் இடமில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். வயது 33. மூன்று ஆல் அயர்லாந்து, ஆண்டின் சிறந்த வீரர்களுக்குத் தரும் ஆல் ஸ்டார் விருது மூன்று வாங்கியவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்? கோபித்துக்கொண்டு மட்டையைப் பரண்மேல் போட்டிருந்தால் யாரும் தப்பாகப் பேசியிருக்க மாட்டார்கள். அவர் போடவில்லை. கவுண்டி அணி வேண்டாம் என்றது, ஆனால் நா பீர்சி அவருடைய கிளப், அங்கே தொடர்ந்து ஆடினார். 2012இல் ஜிம்மி பாரி மர்பி பயிற்சியாளராக வந்து மறுபடி அழைத்தபோது, 35 வயதில் கார்க்கின் அதே சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினார். அந்த ஆண்டு கார்க் அரையிறுதி வரை போனது. அதற்கப்புறம்தான் ஓய்வு.

உன்னைக் கிளப்பை விட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை, தம்பி. இரண்டாவது அணி இருக்கிறது, ஆள் குறைகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் போ. முதலில் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், இருக்கட்டும்.

உன் பழைய மட்டைகள் இரண்டையும் நேற்று பார்சலில் அனுப்பிவிட்டேன். பிடியில் புது டேப் சுற்றியிருக்கிறேன். மரச்சாமான் என்பதால் அங்கே சுங்கத்தில் பிரித்துப் பார்ப்பார்கள், அட்டையில் விவரம் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஹெல்மெட் மட்டும் நீ அங்கேயே வாங்கிக்கொள், பழையது தலைக்குச் சின்னதாகிவிட்டது. பார்சல் வந்ததும் ஒரு போன் போடு.

அன்புடன்,
அம்மா