காட்டுத்தீயும் எங்கள் தெருவும்

கிராஸ் வேலி, கலிபோர்னியா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். "அவ்வளவு ஆபத்து என்றால் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போக வேண்டியதுதானே" என்று போனில் கேட்டீர்கள். அவசரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இது சியரா மலையடிவாரம். கோடை முழுக்க மழை அநேகமாக இருக்காது. புல் காய்ந்து, பைன் மரச் சருகு மெத்தையாகக் கிடக்கும். அப்புறம் இலையுதிர் காலத்தில் வறண்ட காற்று சுழற்றி அடிக்கும். 2018 நவம்பர் 8 அன்று, எங்களுக்கு வடக்கே இருக்கும் பாரடைஸ் என்ற ஊர் அப்படித்தான் எரிந்தது. மின்கம்பத்தில் கிளம்பிய தீ. 85 பேர் இறந்தார்கள், 18,000க்கும் அதிகமான கட்டடங்கள் சாம்பலாயின.

இத்தனைக்குப் பிறகும் எங்கள் தெருவில் பலர் பேசுவதைக் கேட்டால் மனசு பதறுகிறது. "நாற்பது வருஷமாக எரியாதது இனிமேலா எரியப் போகிறது" என்பார் ஒருவர். "வருவது வந்தே தீரும், இன்ஷூரன்ஸ் இருக்கிறது" என்பார் இன்னொருவர். இன்ஷூரன்ஸும் இப்போது நிச்சயமில்லை. பாலிசியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் வாங்கியவர்கள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள். இவர்கள் யாரும் அலட்சியக்காரர்கள் இல்லை, அப்பா. தீ என்றால் மரஉயரத்துக்கு எழும்பி வரும் சுவர் என்று நினைக்கிறார்கள். அதன் முன்னால் மனிதன் என்ன செய்ய முடியும் என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

ஆனால் பெரும்பாலான வீடுகள் பற்றிக்கொள்வது காற்றில் பறந்து வரும் கங்குகளால். ஒரு மைலுக்கு மேல்கூடப் பறக்கும். மழைநீர் வடியும் பீலியில் கிடக்கும் சருகில் ஒரு கங்கு விழுந்தால் போதும். கூரைக்கு அடியில் காற்றுப் போக விட்டிருக்கும் துவாரம் வழியாக உள்ளே போனால் பரணிலிருந்து வீடு எரியும். எங்கள் வீட்டில் அந்தத் துவாரங்களில் கால் அங்குலக் கண்ணுள்ள பழைய வலைதான் இருந்தது. ஏணி போட்டு ஏறி அதைக் கழற்றி, 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள உலோக வலை அடித்தோம். சுவரை ஒட்டியிருந்த மரப்பட்டைத் தூளை வாரிவிட்டுச் சரளைக்கல் கொட்டினோம். இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. 2008க்குப் பிறகு, தீயைத் தாங்குவதற்கான புதிய கட்டட விதிப்படி கட்டிய வீடுகள் பாரடைஸில் ஏறத்தாழ பாதி தப்பின; பழைய வீடுகளில் ஐந்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வீட்டைச் சுற்றி 100 அடிக்குக் காய்ந்ததை அகற்ற வேண்டும் என்பது இங்கே ஏற்கெனவே சட்டம். பலர் செய்கிறார்கள். சண்டையெல்லாம் சுவரை ஒட்டிய முதல் 5 அடியில்தான். அங்கே எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது என்று 2020இல் சட்டம் போட்டார்கள். விதிகளை எழுதுவதற்குள் வருஷக்கணக்கில் இழுபறி. யாருக்கும் வாசல் செடியை வெட்ட மனசு வராது.

பக்கத்து வீட்டுப் பெரியவரின் ஜன்னலுக்குக் கீழே ஜூனிபர் புதர் வரிசை இருக்கிறது. மேலே பச்சையாகத் தெரியும். கையால் விலக்கிப் பார்த்தால் உள்ளே முழுக்கக் காய்ந்த சுள்ளி, எண்ணெய்ப் பசை வேறு. அது எரிந்தால் கண்ணாடி வெடித்துத் தீ உள்ளே போகும். அவர் வீடு எரிந்தால் முப்பது அடி தள்ளி இருக்கும் எங்கள் வீடு தாங்காது. ஆனால் அதை நட்டது இறந்துபோன அவர் மனைவி. அவரிடம் சட்டத்தைப் பேச எனக்கு வாய் வரவில்லை. மெதுவாகத்தான் பேசினேன். ஜன்னலுக்குக் கீழே இருப்பதை வெட்டலாம், மூலையில் இருக்கும் இரண்டைத் தொடாதே என்றார். சரி என்றேன். அந்த இரண்டிலும் உள்ளே இருக்கும் சுள்ளியை நானே கழித்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

விற்றுவிட்டுப் போனால் இதே வீட்டில் வேறொரு குடும்பம் வந்து உட்காரும், அப்பா. இங்கேயே இருந்து செய்ய வேண்டியதைச் செய்கிறோம். வெளியேறச் சொன்னால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க மாட்டோம். பாஸ்போர்ட்டும் மருந்தும் வைத்த பை கதவருகே தயாராக இருக்கிறது.

நீங்களும் அம்மாவும் வருவதென்றால் ஏப்ரலில் வாருங்கள். செப்டம்பர், அக்டோபர் வேண்டாம். எங்கோ எரிந்தாலும் புகை இங்கே வந்துவிடும், அம்மாவின் மூச்சிரைப்புக்கு ஆகாது. டிக்கெட் பற்றி ஞாயிற்றுக்கிழமை பேசலாம்.

உங்கள் அன்பு மகள்