தியேட்டர், வார்டு இரண்டு குழுவுக்கும்: ஆன்டிபயாடிக் ஊசி பற்றி

எல்லாருக்கும் வணக்கம். நேற்று ஒரு கேஸ் ஷீட் பார்த்தேன், மார்பக ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள், காய்ச்சல் இல்லை, தையல் சுத்தமாகக் காய்ந்திருக்கிறது, ஆனாலும் தொற்று வராமல் தடுக்கப் போடும் ஆன்டிபயாடிக் ஊசி காலையும் மாலையும் ஓடுகிறது. கேட்டால் "டிரெயின் இன்னும் எடுக்கலையே" என்று பதில் (டிரெயின் என்றால் காயத்தில் சேரும் நீரை வெளியேற்ற வைக்கும் குழாய்). டிரெயின் இருப்பது ஊசியைத் தொடரக் காரணமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே ஆபரேஷன் முடிந்த பிறகு நீட்டிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நீட்டித்தால் காயம் கூடுதலாகப் பாதுகாக்கப்படுவதில்லை, வயிற்றுப்போக்கும் மருந்துக்கு அடங்காத கிருமியும்தான் மிச்சம்.

கத்தி படும்போது திசுவில் மருந்து இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக் 2 கிராம் (உடல் எடை 120 கிலோவுக்கு மேல் என்றால் 3 கிராம்), கீறலுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள். வார்டிலேயே போட்டு அனுப்பி, தியேட்டர் வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தால் பயன் குறைந்துவிடும். ஆபரேஷன் 4 மணி நேரம் தாண்டினாலோ ரத்தம் நிறையப் போனாலோ இன்னொரு டோஸ். சிசேரியனுக்கும் கீறலுக்கு முன்புதான். வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் மெதுவாக ஏற வேண்டும், அதனால் அதைக் கீறலுக்கு முந்தைய 2 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கலாம்.

ஏற்கெனவே சீழ் பிடித்த கேஸ் வேறு, அங்கே ஊசி தடுப்புக்கு அல்ல, சிகிச்சைக்கு. அப்புறம், ஊசி போட்ட நேரத்தை மயக்க மருந்து சார்ட்டில் தயவுசெய்து எழுதுங்கள்.