சளியை வெளியே எடுக்க யார் சொல்லித்தருவார்கள்?

கடலூர் மாவட்ட மருத்துவ அதிகாரிகளுக்கு,

வணக்கம். நாள்பட்ட நுரையீரல் நோயோடு வரும் ஒவ்வொருவருக்கும் சளியை வெளியேற்றும் முறையைச் சொல்லித்தர, அரசு மருத்துவமனை நெஞ்சகப் பிரிவில் ஒரு பிசியோவை (பிசியோதெரபிஸ்டை) உட்கார வையுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் அப்பா டிபிக்கு மாத்திரை முழுவதும் சாப்பிட்டு முடித்தார். குணமாகிவிட்டது என்று சீட்டிலும் எழுதிக்கொடுத்தார்கள். கிருமி போய்விட்டது, அது விரித்துவிட்டுப்போன மூச்சுக்குழாய்கள் போகவில்லை. அங்கே சளி தேங்குகிறது, அதில் வேறு கிருமி வளர்ந்து காய்ச்சல் வருகிறது, குழாய் மேலும் கெடுகிறது. நீங்கள் அறிந்ததுதான். இப்படி மூச்சுக்குழாய் விரிந்துபோவதற்குப் பெயர் பிராங்கியெக்டாசிஸ். நம் நாட்டில் அது உள்ளவர்களைப் பற்றி 2019-ல் வந்த பெரிய ஆய்விலேயே, மூன்றில் ஒருவருக்கு மேல் பழைய டிபிதான் காரணம் என்று இருக்கிறது.

பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் வரும்போது அப்பா இருமினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்துபோய்விடுகிறார். அதனால் வாய்வரை வந்த சளியை அவர் விழுங்கிவிடுவார். கடலூர் வரும்வரை விழுங்கிக்கொண்டே வருவார். என் தங்கை கழுத்தில் தாலி ஏறிய நேரத்தில் அவர் மண்டபத்துக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றிருந்தார். மேடையில் இருமிவிடுவோமோ என்ற பயம். பெற்ற மகளின் கல்யாணம் ஐயா அது.

போன மாதம் ஓபியில் டாக்டர் பிசியோவைப் பார்க்கச் சொல்லி எழுதினார். அங்கே போனால், “இங்க முட்டி, முதுகுக்குத்தான் பார்ப்போம். நெஞ்சுக்குக் கிடையாது. சிரப் குடுத்தாங்கல்ல, அதைக் குடிங்க” என்றார்கள். மூச்சு வாங்க வரிசையில் நின்றவருக்குக் கிடைத்த பதில் இது.

அப்புறம் புதுச்சேரியில் ஒரு தனியார் பிசியோவிடம் காசு கொடுத்துக் கற்றோம். தோளைத் தளர்த்தி உட்கார்ந்து முதலில் மெதுவாக மூச்சு விட வேண்டும். பிறகு மூன்று நான்கு முறை ஆழமாக இழுத்து, சில விநாடி நிறுத்தி வெளியே விட வேண்டும். அதன் பின் வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல ‘ஹா’ என்று காற்றைத் தள்ள வேண்டும். சளி மேலே ஏறிய பிறகுதான் இருமல். இதற்குக் கருவிகூட வேண்டாம். இப்போது அப்பா காலையில் இதை முடித்துவிட்டுத்தான் வெளியே கிளம்புகிறார். இது அரசு மருத்துவமனையில் கிடைக்கக் கூடாதா?

வீடியோ பார்த்துச் செய்யலாமே என்று சொல்லாதீர்கள். இருமலில் ரத்தம் வருபவர்கள் இருக்கிறார்கள், வீசிங் உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஆளைப் பார்த்து முறையை மாற்றத் தெரிந்தவர் வேண்டும்.

சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் காற்று நாறுகிறது என்று எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் முந்திரி வறுக்கும் புகையில் நிற்கும் பெண்களின் நெஞ்சை யார் பரிசோதித்தார்கள்? நுரையீரலைக் கெடுக்க இந்த மாவட்டத்தில் இத்தனை வழி இருக்கும்போது, கெட்டதோடு வாழக் கற்றுக்கொடுக்க ஒரு ஆள் இல்லை என்பதை எப்படி ஏற்பது?

கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான்: சொல்லித்தர ஒரு பிசியோ. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் பிசியோக்களுக்கும் இந்தப் பயிற்சியைக் கொடுத்தால், படி இறங்க முடியாதவர்களுக்கும் இது போய்ச்சேரும். முதலில் வாரம் ஒரு காலை ஒதுக்கினாலே போதும். எந்தக் கிழமை என்று ஓபி சீட்டு கொடுக்கும் இடத்தில் தயவுசெய்து எழுதி ஒட்டுங்கள், நாங்கள் வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
பண்ருட்டி பக்கத்து மகள் ஒருத்தி