ஆம்பூர் நண்பனுக்கு

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு ராணிப்பேட்டையில் வரன் அமைந்ததைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே கத்திரி வெயில் கொளுத்துகிறது. பதினோரு மணிக்கு மேல் தெருவில் ஆளே இல்லை.

கல்யாணத்துக்குள் தொப்பையைக் குறைக்க, ஸானா என்கிற அந்தச் சூட்டறை வியர்வைக் குளியலுக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தாய். கட்டாதே. ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தால் அரை கிலோ குறையும் என்று ஸானாக்காரர்கள் சொன்னது பொய்யில்லை. எடை மிஷின் அப்படித்தான் காட்டும். ஆனால் குறைந்தது வியர்வையாகப் போன தண்ணீர். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்ததும் பழைய எடை வந்துவிடும். குடிக்காமலும் இருக்கக் கூடாது.

கொழுப்பு வியர்வையில் வழிந்து போகிற பொருள் இல்லையப்பா. உடம்பு அதை ஆக்சிஜனோடு எரிக்கிறது. எரிந்ததில் பெரும்பகுதி கரியமில வாயுவாக மூச்சில் போகிறது. 2014-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் இதைக் கணக்கிட்டு எழுதினார்கள்: 10 கிலோ கொழுப்பு கரைந்தால் 8.4 கிலோ மூச்சு வழியாக வெளியேறும், மீதி 1.6 கிலோதான் தண்ணீராகும். படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

ஸானாவில் நெஞ்சு படபடவென்று அடிப்பதால் உடற்பயிற்சி செய்த மாதிரி தோன்றும். தோலைக் குளிர்விக்க ரத்தத்தை அங்கே தள்ளுவதற்காக இதயம் படும் பாடு அது. காலும் தொடையும் சும்மாதான் இருக்கின்றன. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. ஸானாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அதைச் செலவழிக்க முடியாது. உங்கள் ஊரில் விறகடுப்பு முன் நின்று தம் போடுகிற பிரியாணி மாஸ்டர்களைப் பார். நாளெல்லாம் வியர்க்கிறார்கள். வியர்வையே போதுமென்றால் அவர்களில் ஒருவருக்கும் தொப்பை இருக்கக் கூடாது.

ஸானாவே கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஃபின்லாந்துக்காரர்களுக்கு அது வீட்டு வழக்கம். 2020-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம்பிடித்தது. அங்கே 2,300-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2015-ல் வந்தது. அடிக்கடி ஸானா போகிறவர்களிடம் இதய நோய் மரணம் குறைவு என்று கண்டார்கள். அது இதயத்தைப் பற்றிய பேச்சு, தொப்பையைப் பற்றியது இல்லை.

என் கவலை உன் பி.பி. மாத்திரை. அதில் நீர் பிரியும் மருந்தும் சேர்ந்திருக்கிறது என்று போன தடவை சொன்னாய். அதோடு 80, 90 டிகிரி சூட்டில் உட்கார்ந்து வியர்த்தால், எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. கல்யாண வீட்டில் அந்தச் சங்கடம் வேண்டாம். உடம்பு வலிக்கு இதமாக இருக்கட்டும் என்று போவதானாலும், டாக்டரைக் கேட்டுவிட்டுப் போ.

வெயில் ஏறுமுன் தினமும் வேகமாக நட. ராத்திரி சோற்றைக் குறை, கடையில் அந்த நாலு மணி பஜ்ஜியை விடு. மெதுவாகத்தான் குறையும், ஆனால் குறைந்தது நிற்கும். பத்திரிகை வைக்க வேலூர் வரும்போது முந்தின நாளே வந்து தங்கு. விடிகாலையில் கோட்டை அகழி ஓரமாக நடந்துகொண்டே மண்டபம், சமையல் விஷயமெல்லாம் பேசி முடிவு செய்வோம். மாத்திரைச் சீட்டையும் எடுத்து வா.

அன்புடன்,
உன் நண்பன்